ஞாயிறு திரும்பிப் போறம் என்றாயே

இன்று ஒஸ்லோவை ஒட்டிய ஸ்ட்ரோம்மனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. குடை வீட்டில். கைப்பையின் அடியில் ஏதாவது கிடக்குமா என்று துழாவினேன். கையில் அகப்பட்டது உன்னுடைய அந்தச் சிவப்பு மழைக்கோட்டு. மடிப்பைப் பிரித்ததும் அதே பிளாஸ்டிக் மணம், இன்னும் போகவில்லை. முதுகில் வெள்ளை எழுத்தில் 'ஒஸ்லோவை நடந்து பாருங்கள்' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும் அந்தக் கோதாரிதான். வேறு வழியில்லாமல் போட்டுக்கொண்டேன். நனைந்தால் இருமல் வரும், இருமினால் மகள் பேசுவாள்.

பக்கத்தில் நின்ற இளம் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக, "நோர்வேக்கு இதுதான் முதல் தடவையா?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவளில் இல்லை, உன்னில். அவளுக்கு நான் சொன்ன பதிலைப் பிறகு சொல்கிறேன். உயிரோடிருந்த காலம் முழுக்க என்னிடம் "மறுகா சொல்றன் கா, மறுகா சொல்றன்" என்று சாட்டுச் சொன்னவள் நீ. இந்த ஒரு தடவை நீ காத்திரு.

அந்தக் கேள்விக்கு உன்னிடம் எப்போதும் ஒரே பதில்தான் இருந்தது. பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் நாம் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று மீன் வெட்டிய காலத்திலேயே அதைத் தொடங்கிவிட்டாய். நான் யாழ்ப்பாணம், நீ மட்டக்களப்பு. வடக்கு நோர்வேயின் அந்தக் கடைசிக் கரையில், தொழிற்சாலை தந்த மஞ்சள் வீட்டில், மாடியில் ஓர் அறையைப் பங்கு போட்டுப் படுத்தோம். எவராவது வெள்ளைக்காரர் எங்கேயிருந்து வந்தீர்கள் என்று கேட்டால் நான் உடனே பணிவாக, "சிறிலங்கா" என்பேன். நீ கத்தியைக்கூடக் கீழே வைக்காமல், "பாட்ஸ்பியோர்ட்" என்பாய். "இல்லை, உண்மையில் எங்கேயிருந்து?" என்று அவர்கள் விட மாட்டார்கள். நீ முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "உண்மையிலயா? மேல் தெரு, மஞ்சள் வீடு" என்பாய். எனக்கு வெட்கமாக இருக்கும். "ஏனடி மனிசரோடை கொளுவுறாய்?" என்று உன் முழங்கையில் இடிப்பேன். "கேட்டதுக்குத்தானே கா சொன்னன்" என்பாய்.

பிறகு அங்கே வேலை செய்த நம் சனம் எல்லோரும் வெளிக்கிட்டோம். சிலர் பேர்கனுக்கு, கனபேர் ஒஸ்லோவுக்கு. நான் கலியாணம் முடித்து இங்கே வந்து முதியோர் இல்லச் சமையலறையில் வேலை எடுத்தேன். நீ மட்டும் அசையவில்லை. தொழிற்சாலைக்காரர் மஞ்சள் வீட்டை விற்றபோது அதையும் வாங்கிக்கொண்டாய். தனியாக அங்கே இருந்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டால், "எல்லாரும் போனா மீனை ஆரு வெட்டுற?" என்பாய். மீன் வெட்ட மெஷின் வந்த பிறகும் அதையேதான் சொன்னாய்.

என் மனுசன் போன பிறகு ஒவ்வொரு கிழமையும் போனில் உன்னை நச்சரித்தேன். இஞ்சை வந்திரு, தனிய விழுந்து கிடந்தால் ஆர் பார்க்கிறது, கோயில் இருக்கு, மரக்கறிக் கடை இருக்கு, நான் இருக்கிறன் என்று. நீ "மறுகா பாப்பம்" என்பாய். அப்படி இருக்கும்போதுதான் என் மாடிக்கு நேர் கீழே ஒரு வீடு விலைக்கு வந்தது. நான் சோறு வடித்தால் உனக்கு மணக்கும், அவ்வளவு கிட்ட. நீயும் என்ன நினைத்தாயோ, "சரி, ஒருக்கா வாறன்" என்றாய். போன வருஷம் இலை கொட்டுகிற காலத்தில் வெள்ளிக்கிழமை வந்து இறங்கினாய். வீட்டைத் திறந்து காட்டுகிற விஸ்னிங் சனிக்கிழமை பின்னேரம். ஞாயிறு உன் பிளேன்.

வழிகாட்டியை ஒழுங்கு செய்தது என் மகள் துளசிதான். "அம்மா, அன்ரி இத்தனை தரம் ஒஸ்லோவுக்கு வந்தும் ஒஸ்லோவைப் பாத்ததே இல்லை. நீங்கள் ஆரும் வந்தா சோபாவிலை இருத்திச் சாப்பாடு போடுவியள், கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவியள், கலியாண வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவியள். பிறகு ஏர்போட். ஊரைப் பாத்தாத்தானே பிடிக்கும்?" என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை. எங்கள் சனம் எங்கே போனாலும் அப்படித்தான். லண்டனுக்குப் போய் வந்தபின் எவரும் கேட்டால் ஈஸ்ட் ஹாமில் மச்சாள் வீட்டுக் குசினி எப்படி என்று சொல்லுவோம். ஆகவே நமக்கு மட்டும் ஒரு தனி வழிகாட்டி, சனிக்கிழமை காலை ரெண்டு மணித்தியாலம். பிள்ளை என்ன ஞாபகத்திலோ ஆங்கிலத்தில் புக் பண்ணிவிட்டாள். நானும் ஆசையோடு ரோல்ஸ் பொரித்து, சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணியும் ஊற்றிக்கொண்டு வந்தேன். நகரம் தன் அழகைக் காட்டும், நீ மயங்குவாய், பின்னேரம் வீட்டுக்குக் கையெழுத்து. அதுதான் என் கணக்கு.

மத்திய ரயில் நிலையத்துப் புலிச் சிலையடியில் ஒரு நெட்டைப் பெண் நின்றாள். துளசியை விட இளையவள். தூறல் விழுந்ததால் ஆளுக்கொரு சிவப்பு மழைக்கோட்டைத் தந்து, "எங்கேயிருந்து வருகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்ல வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய். உடைந்த ஆங்கிலத்தில், "சிலோன். நேற்று வந்தோம். ஞாயிறு திரும்பிப் போகிறோம். நாங்கள் ரெண்டு பேரும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாழ்நாள் முழுக்க பாட்ஸ்பியோர்ட் என்று சண்டை பிடித்தவளா இது?

"விசரே உனக்கு?" என்று உன் காதுக்குள் கேட்டேன்.

"சும்மா வா கா. அந்தப் புள்ள ஆசையாக் காட்ட வந்திரிக்கி. நம்மட பெரிய கதை என்னத்துக்கு?"

அவள் ஓப்பரா வீட்டின் வெள்ளைக் கூரையில் நம்மை நடத்திக்கொண்டு போனாள். சரிவில் ஏறி மேலே நின்றால் கடல், தீவுகள், கீழே முழு நகரம். உண்மையைச் சொன்னால் நானும் அன்றைக்குத்தான் அதில் ஏறினேன். நீ அதை என் முகத்தில் பிடித்துவிட்டாய்.

"நீயும் இதுல ஏறினதில்லயா?"

"எனக்கெங்கையடி நேரம்?"

"இவ்வளவு காலமா இஞ்ச இருந்து என்ன பாத்த?"

என்ன பார்த்தேன்? ரயில் பார்த்தேன். முதியோர் இல்லத்துப் பெரிய பானை பார்த்தேன். கோயில், கலியாண மண்டபம், ஸ்ட்ரோம்மன் கடைகள். அதைச் சொல்லவா உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தேன்? விறுவிறென்று முன்னால் நடந்தேன். உனக்கு ஊரைக் காட்டிப் பிடிக்கவைக்க வந்த எனக்கே அந்த ஊர் தெரியாது என்று நீ கண்டுபிடித்ததில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோட்டை மதிலடியில் நின்று அந்தப் பெண் மீனைப் பற்றிச் சொன்னாள். வடக்கே, பனி மூடிய கடலோரத்தில் சின்னச் சின்ன ஊர்கள் இருக்கின்றனவாம். அங்கே மீன் தொழிற்சாலைகளில் செய்கிற வேலைதான் நாட்டிலேயே கடினமான வேலையாம். அந்த மண்ணில் பிறந்தவர்களால்தான் முடியுமாம்.

நீ கண்ணை அகல விரித்துக்கொண்டு, "அங்கே குளிரா?" என்று கேட்டாய்.

"ஐயோ, மிகவும். நீங்கள் தாங்கவே மாட்டீர்கள்."

நீ மழைக்கோட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாய். உன் வலது சுட்டுவிரல் கையுறைக்குள் நீட்டிக்கொண்டே இருந்தது. உறைந்த மீனைப் பிடித்துப் பிடித்து மடங்காமலே போன விரல். சிரிப்பதா, உனக்கு ஒன்று போடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவும் காணாதென்று அவளுக்கு ஒரு போன் வந்தது. நமக்கு விளங்காது என்ற துணிவில் பக்கத்திலேயே நின்று தன் மொழியில் சொன்னாள்: "இரண்டு பாட்டிமார்தான். நல்ல சனம். பாதி விளங்கவில்லை, பாவம். வெள்ளென முடித்துவிட்டு வருகிறேன்." நான் திரும்பினேன். நீ என் கையைப் பிடித்து நுள்ளினாய். அந்த இடம் பிறகு கறுத்துப்போயிருந்தது.

கார்ல் யூஹான் தெருவில், தெரிந்த ஆள் எவரும் நம்மை இந்தக் கோலத்தில் கண்டுவிடுமோ என்று நான் பயந்தது நடந்தது. கோயிலில் காணும் ஒரு பெண் எதிரே வந்தாள். "அக்கா! தூரத்தாலை பாத்திட்டு ஆரோ ரூறிஸ்ட் ஆக்கள் எண்டு நினைச்சன். வெளியாலை இருந்து ஆரும் வந்திருக்கினமோ?" அடுத்த வெள்ளிக்கிழமை பூசைக்கு முதல் முழு ஒஸ்லோவுக்கும் தெரிந்துவிடும் என்று எனக்கு வேர்த்தது.

நீதான் பதில் சொன்னாய். "ஓம், நான்தான் வந்திரிக்கன். இவவக் கூட்டிற்றுப் போக."

அவள் சிரித்தாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். பகிடி என்றுதானே எவரும் நினைப்பார்கள்?

அரண்மனைத் தோட்டத்தில் நடை முடிந்தது. நனைந்த வாங்கில் என் துவாயை விரித்து, அந்தப் பெண்ணையும் பிடித்து இருத்தி ரோல்ஸ் கொடுத்தோம். முதலில் வேண்டாமென்றவள் பிறகு தானாகவே இன்னொன்று எடுத்தாள். விடைபெறும் நேரம் நீ எழுந்து நின்று, அவள் கையைப் பிடித்து, வடக்குக் கரை மீனவர் பேசுகிற அந்தத் தடித்த நோர்வேஜிய மொழியில் சொன்னாய்: "நன்றாகக் காட்டினாய் பிள்ளை. ஒரு நாள் வடக்கே வா. பாட்ஸ்பியோர்ட், மேல் தெரு, மஞ்சள் வீடு. நாங்கள் ரெண்டு பேரும் உனக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவோம்."

அவள் முகம் நம் மழைக்கோட்டை விடச் சிவந்தது. போனில் பேசியதை நினைத்திருப்பாள். நீ அவள் தோளில் தட்டி, "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்றாய். அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தோஷம் வந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

அதையும் ரயிலில் கெடுத்துவிட்டாய். விஸ்னிங்குக்கு நேரமாகிறது, நேரே போவோம் என்றேன். "காலு நோவுது. மறுகா பாப்பம்" என்றாய்.

"எத்தினை மறுகா? வீடு ஓடிப் போகும்!"

"ஓடட்டும் கா."

"அப்ப என்ன கோதாரிக்கு வந்தனீ?"

நீ யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். முகத்தைத் திருப்பாமலே, "நீ எப்ப கா அங்க வாற?" என்று கேட்டாய். நான் இருந்த கோபத்தில், "அங்கை வந்து நான் என்னத்தைப் புடுங்கிறது?" என்றேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கீழ்வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. நீ அதைத் தாண்டிப் படியேறி வந்து, என் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துவிட்டாய்.

மறுநாள் ஏர்போட் ரயில் ஏறுமுன் உன் மழைக்கோட்டை மடித்து என் கைப்பைக்குள் திணித்தாய். "வச்சுக்கொள்ளு, தேவைப்படும்." என்னுடையதை நான் ஏற்கெனவே குப்பையில் போட்டிருந்தேன். வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். அதன் பிறகு போனில் வழமைபோலக் கதைத்தோம், ஆனால் வீட்டுக் கதையை நானும் எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை. பனி உருகுவதற்கு முன்னே நீ போய்விட்டாய். காலையில் கோப்பியோடு மேசையில் இருந்தபடியே, இதயம். அடுத்த வீட்டுக் கிழவர்தான் கண்டார்.

செத்த வீட்டுக்கு வந்தேன். சின்னப் பிளேனில்தான். உன் அடுத்த வீட்டுக்காரர் காரோடு வந்து நின்றார். ஓய்ந்த மீனவர், நான் வெளிக்கிட்ட பிறகு அந்த ஊருக்கு வந்தவர். என்னை அவருக்குத் தெரியாது. "இந்தப் பக்கம் முதல் தடவையா?" என்று கேட்டார். இல்லை, நீங்கள் வரும் முன்னரே நான் இங்கே நின்று கை விறைத்தவள் என்று சொல்ல வாய் வந்தது. மனுசன் அழுது வீங்கின கண்ணோடு, அடக்கத்துக்கு நேரமிருக்கிறது, ஊரைக் காட்டவா என்று கேட்டபோது சொல்ல மனம் வரவில்லை. துறைமுகத்தைக் காட்டினார். தொழிற்சாலையைக் காட்டினார். நீ சறுக்கி விழுந்து எல்லோரையும் ஏசிய வளைவைக் காட்டினார். எனக்குத் தெரிந்த தெருவெல்லாம் புதிதாகக் கேட்டுக்கொண்டு நடந்தேன். ஒஸ்லோவில் நீ ஏன் வாயை மூடிக்கொண்டு நடந்தாய் என்று அப்போது கொஞ்சம் விளங்கியது. அந்தக் கொஞ்சத்தோடு விட்டிருக்கலாம்.

மஞ்சள் வீட்டின் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாம் பங்கு போட்ட அறை. துறைமுகத்தைப் பார்த்த யன்னல். சுவர் புதிதாக வெளிர்பச்சை அடித்திருந்தது. ஒரு புதுக் கட்டில், அதன்மேல் ரெண்டு கம்பளிப் போர்வை, பக்கத்தில் மின்சார ஹீற்றர், கட்டில் காலடியில் தடித்த கம்பளம். "போன கோடையில் நானும் சேர்ந்துதான் அடித்தேன்" என்றார். "ஒஸ்லோவில் இருக்கும் தன் சிநேகிதி வேலையிலிருந்து ஓய்ந்துவிட்டாளாம், இனி இங்கே வந்துவிடுவாளாம். குளிர் தாங்காதவளாம், அதனால்தான் ரெண்டு கம்பளி. கூட்டிக்கொண்டு வரத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். தனியாகத்தான் திரும்பி வந்தாள்." பிறகு என்னைப் பார்த்து, "அந்தச் சிநேகிதியை உங்களுக்குத் தெரியுமா? அவள் வரவில்லையா?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன். அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை என்றேன்.

எடியே, உனக்கு வாயில்லையா? நான் வாய் நோகச் சொன்னேனே, வா வா என்று. படி இத்தனை, பஸ் இத்தனை மணிக்கு, கடை இந்த மூலையில் என்று. நீ என்ன செய்தாய்? தெரியாத பெண்ணுக்கு உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாய். தெருவில் கண்ட கோயில் பெண்ணுக்குச் சொன்னாய். பூச்சு அடிக்க வந்த கிழவருக்குச் சொன்னாய். எனக்கு மட்டும் சொல்லவில்லை. ஒஸ்லோ முழுக்க என்னை நடத்திக்கொண்டு போய், விடுகதை போட்டுவிட்டு, நான் அவிழ்க்கவில்லை என்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். ரயிலில் எப்ப வாற என்று கேட்டாயே, ஏன் அறை இருக்கிறது என்று சொல்லவில்லை? கட்டில் வாங்கியாச்சு என்று ஒரு சொல்?

சொல்லியிருந்தால் வந்திருப்பேனா? தெரியாது. துளசி இங்கே. பேரன் இங்கே. என் முழங்கால் அந்தக் குளிருக்கு ஒத்துவராது. பெரும்பாலும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். நீயும் அது தெரிந்துதான் கேட்கவில்லை என்று துளசி சொல்கிறாள். இருக்கட்டுமே. அந்த "மாட்டேன்" என்னுடையது. அதை உனக்கு முன்னால் நின்று நான் சொல்லி, நீ என்னை ஏசி, இரண்டு பேரும் அழுது முடித்திருப்போம். அதைக்கூட எனக்குத் தராமல் போய்விட்டாய். இந்தக் கோபம் ஆறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை.

சரி, பஸ் நிலையத்துக்கு வருகிறேன். அந்தப் பெண் இன்னும் என் பதிலுக்காகச் சிரித்தபடி நின்றாள். "முதல் தடவை இல்லை பிள்ளை" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன். அவள் வெட்கப்பட்டு, தன் மொழிக்கு மாறி, "அப்படியானால் எங்கேயிருந்து?" என்று கேட்டாள்.

"பாட்ஸ்பியோர்ட்" என்றேன். என் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஓ, அவ்வளவு வடக்கா! ஆனால், உண்மையில் எங்கேயிருந்து?"

பஸ் வந்துவிட்டது. கதவு திறந்தது. ஏறுமுன் நின்று, திரும்பி, ஒழுங்காகவே சொன்னேன்.

"உண்மையிலா? மேல் தெரு, மஞ்சள் வீடு. மாடியில் துறைமுகத்தைப் பார்த்த அறை என்னுடையது."